தோளும் கையும்

தொடர்கதை படித்துப் பழகிய நேயர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். நடு நிசி; பாழடைந்த பங்களா; வில்லன் கையில் கத்தி. ஜன்னல் வழியாகக் கதாநாயகன் உள்ளே குதிக்கிறான். சட்டைப் பையிலிருந்து பிஸ்டலை எடுக்கிறான். 'டுமீல்!' என்று ஒரு சத்தம். வில்லனுடைய கையிலிருந்த கத்தி மட்டும் தெறித்து விழுகிறது. அவன் விரலில் ஒரு கீறல் கூடக் கிடையாது. 'தொடரும்' என்று போட்டு ஆசிரியர் அந்த வாரத்தை முடித்து விடுகிறார்.

இந்தக் கதாநாயகன் எங்கே, யாரிடம், எத்தனை வருஷம் பழகினான் என்று கேட்டு எந்த வாசகராவது பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருப்பாரோ? சந்தேகந்தான். கதாநாயகன் என்றால் சுடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் உண்மையில் குறி பார்த்துச் சுடுகிறவர்களின் உலகத்தில் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து கொண்டிருக்கிறது. தோளில் பொருத்திச் சுடும் ரைபிள் கடினமா, ஒற்றைக் கையில் நீட்டிச் சுடும் பிஸ்டல் கடினமா என்பதுதான் அந்த வழக்கு. ரைபிள்காரர் தம்முடையதே தவம் என்பார். பிஸ்டல்காரர் சிரித்துக் கொண்டே, 'ஒரு நாள் இதைக் கையில் பிடித்துப் பாருங்கள்' என்பார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் சாட்சிக்கு அழைப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. கைக் குறியையும் தோள் குறியையும் நன்றாக அறிந்திருந்த சீமை இது. அந்த இரண்டையும் ஒரே வருஷத்தில் பறிகொடுத்த சீமையும் இதுவே.

கையிலிருந்தே தொடங்குவோம். 1795-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இருபது வயது வெள்ளைக்கார இளைஞன் கும்பெனிப் பட்டாளத்து அதிகாரியாக மதுரைக்கு வந்து சேர்ந்தான். சுற்றுவட்டாரத்தில் வேட்டைக்குப் போகிற பழக்கம் அவனுக்கு இருந்தது. அப்போது சிவகங்கைச் சீமையின் அதிகாரம் மருது சகோதரர்களிடம் இருந்தது. இளையவரான சின்ன மருதுவின் இருப்பிடம் சிறுவயல். அந்த வீட்டு வாசலில் காவல் கெடுபிடி ஒன்றுமில்லை. யாரும் போகலாம், வரலாம். சின்ன மருதுவுக்கு இந்த வெள்ளைக்காரப் பையனிடம் ஒரு பிரியம் ஏற்பட்டது. ஈட்டி எறியக் கற்றுக் கொடுத்தார். அதோடு வளரி வீசவும் கற்றுக் கொடுத்தார்.

வளரி என்பது பிறைச் சந்திரனைப் போல் வளைந்த ஓர் எறிபடை. வைரம் பாய்ந்த மரத்தினால் செய்வார்கள், இரும்பிலும் செய்வதுண்டு. ஒரு முனை கனமாகவும் மற்றொரு முனை லேசாகவும் இருக்கும். லேசான முனையைப் பிடித்துச் சுழற்றி வீச வேண்டும். தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்று வெல்ஷ் பிற்காலத்தில், 1830-இல், வெளியிட்ட தம் ராணுவ நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அதே காலத்தில் கும்பெனிச் சிப்பாய் தோளில் சுமந்த வழவழப்பான குழல் துப்பாக்கியும் தனி ஆள் ஒருவன் மீது நம்பிச் சுடுவதற்கு ஏறக்குறைய நூறு கஜத்துக்கு மேல் லாயக்கில்லாதது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மருந்து, குண்டு, குழல், தோள். மறு பக்கம் வெறும் கை. இரண்டும் ஒரே தூரத்துக்குக் குறி வைத்தன!

வளரிக்குப் பார்வைக் குமிழ் கிடையாது, விசை கிடையாது, தாங்கிக் கொள்ளத் தோளும் கிடையாது. வீசுகிறவனுடைய கண், மணிக்கட்டு, கால் வைப்பு, மூச்சு எல்லாம் சேர்ந்துதான் அந்த ஆயுதம். ஆளிடமிருந்து ஆயுதத்தைப் பிரிக்க முடியாது. இதைத்தான் நான் கைக் குறி என்று சொல்கிறேன்.

தோள் குறியும் இங்கே குறைவில்லாமல் இருந்தது. மதுரையின் கோட்டை மதில்கள் வெடிமருந்தின் வாசனையை நன்றாக அறிந்தவை. கான்சாகிபு என்று நம் மக்கள் அழைத்த யூசுப்கான் 1763-லும் 1764-லும் கும்பெனியையும் நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையைக் காத்தது துப்பாக்கியையும் பீரங்கியையும் நம்பித்தான். பாளையக்காரர்களின் காவற்காரர்களிடம் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகள் இருந்தன. 1801-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையைத் தாக்கிய கும்பெனிப் படையை, ஈட்டியும் துப்பாக்கியும் ஏந்தி உள்ளேயிருந்தவர்கள் முறியடித்து அனுப்பினார்கள். அந்தக் கோட்டையைப் பிடிக்க மே மாதம் 24-ஆம் தேதி வரை வெள்ளைக்காரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் போரில் வெல்ஷும் இருந்தார். குருவுக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்தார். சின்ன மருது தொடை முறிந்து பிடிபட்டதையும், தூக்கிலிடப்பட்டதையும் அவர் எழுதும்போது அந்தப் பக்கங்களில் துயரம் கசிகிறது. 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களின் கதை முடிந்தது.

அதற்கு அடுத்தபடியாக நடந்ததுதான் நமக்கு முக்கியம். அந்த வருஷத்து டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ், இவர் பழைய ராபர்ட் கிளைவின் மகன், ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்கள் கோட்டை வைத்துக் கொள்ளக் கூடாது; அவர்களுடைய குடிகள் ஆயுதம் வைத்துக் கொள்ளக் கூடாது. ஈட்டிகள் போயின. துப்பாக்கிகள் போயின. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தபோது இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று; வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வளரிகளில் மிச்சமானவை புதுக்கோட்டை ஆயுத சாலை போன்ற இடங்களில் தூசி படிந்து கிடந்து, பிறகு மியூசியம் அலமாரிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

கருவியை அலமாரியில் பூட்டி வைக்கலாம். நூறு வருஷம் கழித்துத் திறந்தாலும் அது அப்படியே இருக்கும். வித்தையைப் பூட்டி வைக்க முடியாது. தகப்பன் வீசுவதைப் பிள்ளை பார்க்காவிட்டால் ஒரே தலைமுறையில் அது ஆவியாகி விடுகிறது. வளரி எப்படி இருக்கும் என்று இன்று நாம் பார்த்து விடலாம். நூறு கஜத்தில் குறி தப்பாமல் வீசுகிற மணிக்கட்டைப் பார்க்க எங்கே போவது?

சரி, பிஸ்டல் எங்கே வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். வளரியைப் போல ஒற்றைக் கையில் பிடிப்பது என்பதைத் தவிர, வளரிக்கும் அதற்கும் குணத்தில் ஒற்றுமை கிடையாது. பிஸ்டல் பிறந்ததே கிட்டத்துக்கு. குதிரை மேல் போகிறவன் ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்துக் கொண்டு மறு கையால் சுட வேண்டும் என்பதற்காக வளர்ந்த ஆயுதம் அது. எதிரி பக்கத்தில் வந்த பிறகுதான் அதற்கு வேலை.

தென்பாண்டிச் சீமை பிஸ்டலை மறக்க முடியாதபடி தெரிந்து கொண்ட நாள் 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பில், முதல் வகுப்பு வண்டிக்குள் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது ஒரு பிரௌனிங் பிஸ்டலால். புதுச்சேரியில் வ. வே. சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்து வந்த காலம் அது. ஆனாலும் அன்று வண்டிக்குள் நடந்ததற்குத் தேவையாயிருந்தது குறி பார்க்கும் திறமை அல்ல. உயிரை விடத் துணிந்த நெஞ்சுதான். வாஞ்சி அதே பிஸ்டலால் தம் உயிரையும் முடித்துக் கொண்டார்.

இன்னொரு பிஸ்டலின் சாட்சியம் மதுரை நகருக்குள்ளேயே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மேலமாசி வீதியில் ஒரு வீட்டிலிருந்து காந்தியடிகள் முழங்கால் துண்டோடு வெளியே வந்தார். ஏழைக் குடியானவனின் உடையைத் தம் உடையாக ஏற்றுக் கொண்ட ஊர் இது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் அவர் உடுத்தியிருந்த, ரத்தம் தோய்ந்த துணி இப்போது இதே மதுரையில், ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. 1959 ஏப்ரல் 15-ஆம் தேதி பண்டித நேரு அந்த அரண்மனையைக் காந்தி மியூசியமாகத் திறந்து வைத்தார். அந்தத் துணியைத் துளைத்தது ஓர் இத்தாலியப் பிஸ்டல். கை கூப்பி வணங்கியவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுட்டான். அதற்கு என்ன குறி வேண்டியிருந்தது? என்ன பயிற்சி வேண்டியிருந்தது? இரண்டடியில் பிஸ்டலைப் போல எளிய ஆயுதம் உலகத்திலேயே கிடையாது. அதுவே அதன் பயங்கரம்.

அதே பிஸ்டலைப் பத்து மீட்டர் தள்ளி நின்று, ஒரு சட்டைப் பொத்தான் அளவுள்ள வட்டத்தின் மீது சுடச் சொல்லுங்கள். உலகத்தில் அதைப் போல் பணிய மறுக்கும் கருவியும் வேறு கிடையாது என்று தெரிய வரும். கொலைக்கு எளியது கலைக்குக் கடினமாகி விடுகிறது. இந்த விந்தையை நன்றாகப் புரிந்து கொள்ள, வெடிமருந்தை ஒதுக்கி வைத்து விட்டுக் காற்றுத் துப்பாக்கிகளின் பக்கம் வர வேண்டும். இன்று பத்து மீட்டர் பந்தயங்களில் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் என்ற இரண்டும்தான் ஒன்றின் எதிரில் ஒன்றாக நிற்கின்றன.

காற்றுத் துப்பாக்கி என்றதும் நமக்கு நினைவு வருவது திருவிழாக் கடைதான். சித்திரைத் திருவிழாவுக்கு வந்து, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்து விட்டு, பொட்டலில் பலூன்களை வரிசையாகக் கட்டி வைத்திருக்கும் கடைக்கு முன்னால் நின்று ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்காத மதுரைப் பையன் அபூர்வம். அந்தத் துப்பாக்கியின் குழல் நேராக இருக்காது என்பது ஊரறிந்த ரகசியம்.

ஆனால் அதன் பூர்வோத்தரம் விளையாட்டல்ல. வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டுக் கொண்ட அதே 1780-ஐ ஒட்டிய காலத்தில், ஆஸ்திரியப் பட்டாளத்துக்கு ஜிரார்டோனி என்பவர் ஒரு காற்று ரைபிள் செய்து கொடுத்தார். அடிக்கட்டையே காற்றுப் புட்டி. சைக்கிளுக்குக் காற்று அடிப்பது போல் அதற்கு அடிக்க வேண்டும். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அடிக்க வேண்டும்! புகை கிடையாது; பெரிய சத்தமும் கிடையாது; இருபது குண்டுகளை ஒன்றன் பின் ஒன்றாகச் சுடலாம். புட்டியும் வால்வும் அடிக்கடி பழுதானதால் பட்டாளம் அதைக் கைவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, தோற்றுப் போன ஜெர்மனியில் துப்பாக்கித் தொழில் தடை செய்யப்பட்டிருந்த நாளில், முதலில் அனுமதி கிடைத்தவற்றில் காற்றுத் துப்பாக்கியும் ஒன்று. மருந்து வைத்துச் சுடக் கூடாதவர்கள் காற்றை வைத்துச் சுட்டார்கள். அந்த ஊர்த் தொழிற்சாலைகளிலிருந்து நேர்த்தியான பந்தயத் துப்பாக்கிகள் வெளிவந்தன. ஆயுதம் பறிக்கப்பட்ட ஜனங்களிடமிருந்து இந்த விளையாட்டு இவ்வளவு செழுமை பெற்றது என்பது, 1801-ஐ நினைவில் வைத்திருக்கும் நமக்கு யோசிக்கத் தக்க விஷயம். ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் 1984-லும் ஏர் பிஸ்டல் 1988-லும் இடம் பிடித்தன.

இனி வழக்கின் விவரங்களுக்கு வருவோம்.

இரண்டுக்கும் தூரம் ஒன்றே, பத்து மீட்டர். இரண்டுக்கும் ரவை ஒன்றே, 4.5 மில்லிமீட்டர் பருமன், இடை சிறுத்து உடுக்கை போலிருக்கும் ஈயத் துண்டு. அறுபது தடவை சுட வேண்டும். எழுபத்தைந்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த மட்டில் சமம்.

ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். பிஸ்டல் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. கனமானது கடினம் என்று நினைத்து விடாதீர்கள். ரைபிளைத் தாங்குவதற்கு உடம்பு முழுவதும் கூடி வருகிறது. தோள் ஒரு பக்கம். கன்னம் ஒரு பக்கம். கீழே இடது கை. அந்தக் கையின் முழங்கை இடுப்பு எலும்பின் மேல் ஊன்றிக் கொள்கிறது. பாரம் தசையில் இறங்காமல் எலும்பு வழியாகத் தரைக்குப் போய் விடுகிறது. மேலே கெட்டித் துணியும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான சட்டை, அதே போல் கால்சட்டை, பூட்ஸு. அதை மாட்டிக் கொண்டு நடக்கிறவர்கள் வாத்தைப் போலத்தான் நடக்க முடியும். மதுரைச் சித்திரை வெயிலில் அந்தச் சட்டைக்குள் எழுபத்தைந்து நிமிஷம் நிற்பது தனித் தவம்!

பிஸ்டல்காரனுக்கு இந்தச் சம்பிரமம் எதுவும் கிடையாது. ஒரு கை. அந்த மணிக்கட்டில் கைக்கடிகாரம் கூடக் கட்டக் கூடாது. மற்றொரு கை கால்சட்டைப் பைக்குள் போய்ச் சும்மா இருக்க வேண்டும். ஒரு கிலோ பாரத்தைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டும். அதன் விசையை இழுக்க ஐந்நூறு கிராம் வலுவாவது வேண்டும் என்பது விதி. பிடிமானமில்லாமல் அந்தரத்தில் நிற்கிற ஒரு பொருளை, அதன் பாதி எடைக்குச் சமமான வலுவோடு ஒரு விரலால் இழுக்க வேண்டும். ஆனால் அந்தப் பொருள் அசையக் கூடாது! ரைபிளின் விசைக்கு இப்படிக் கீழ் வரம்பு கிடையாது. விரல் நினைத்தாலே போதும் என்று சொல்லும்படி லேசாக வைத்துக் கொள்ளலாம்.

இவ்வளவையும் கேட்டதும், 'வழக்கு முடிந்தது. பிஸ்டலே கடினம்' என்று எழுந்து விடாதீர்கள். ரைபிள்காரர் தம் குறி அட்டையை எடுத்துக் காட்டுகிறார். பிஸ்டல் அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானளவு. ரைபிள் அட்டையில் பத்து என்பது வட்டமே இல்லை. அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. கூர்மையான பென்சிலால் தொட்டு வைத்தது போல இருக்கும். பத்து மீட்டரிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. சுடுகிறவர் அந்தப் புள்ளியை ஒரு நாளும் பார்ப்பதில்லை. அது இருக்கிறது என்ற நம்பிக்கையில் சுடுகிறார்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். கணக்கில் பிரியமில்லாத நேயர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக் கொள்ள வேண்டும். ரவையின் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே பத்து என்று கொண்டால், ரைபிளில் ரவையின் மையம் இரண்டரை மில்லிமீட்டர் வரை விலகலாம். பிஸ்டலில் எட்டு மில்லிமீட்டர் வரை விலகலாம். பிஸ்டலுக்கு மூன்று மடங்குக்கு மேல் சலுகை! ஆனால் பிஸ்டலின் முன் பார்வைக்கும் பின் பார்வைக்கும் நடுவே சுமார் 32 சென்டிமீட்டர்தான் இடம். அவை இரண்டும் கால் மில்லிமீட்டர் பிசகினால், அந்தப் பிசகு பத்து மீட்டர் போவதற்குள் வளர்ந்து எட்டு மில்லிமீட்டரை எட்டி விடும். ரைபிளில் அந்த இடைவெளி முக்கால் மீட்டர் என்று வைத்துக் கொண்டால், ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் பத்து போயிற்று. கால் பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டு அட்டைகளையும் தராசில் வைத்து நிறுத்தது போலல்லவா இருக்கிறது!

ஆகவே மதிப்பெண்ணை வைத்து வழக்கைத் தீர்க்கப் பார்ப்பது வீண். பார்த்தவர்கள் உண்டு. 2010-இல் டில்லி காமன்வெல்த் விளையாட்டில், சென்னையில் பிறந்த ககன் நாரங் ஏர் ரைபிளில் அறுநூற்றுக்கு அறுநூறு எடுத்தார். அதற்கு முந்தின வருஷம் ஏர் பிஸ்டலில் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ உலக சாதனை படைத்தபோது எடுத்தது 594. 'பார்த்தீர்களா, உலகத்தின் தலைசிறந்த கைக்கும் ஆறு குறைந்தது!' என்று பிஸ்டல் கட்சியார் கொண்டாடினார்கள். ரைபிளில் முழு மதிப்பெண் கைக்கு எட்டிவிட்ட பிறகு, 2013-இல் விதியை மாற்றினார்கள். பத்துக்குள்ளேயே பத்துப் படிகளை வைத்தார்கள். நட்ட நடுவில் விழுந்தால் 10.9. பிஸ்டலின் தகுதிச் சுற்றில் முழு எண் கணக்கே தொடர்ந்தது.

இதன் விளைவைப் பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்தோம். 2024 ஜூலை 27-ஆம் தேதி ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கர் அறுபது தடவைக்கு 580 எடுத்தார். சராசரி பத்துக்குக் குறைவு. அது மூன்றாவது இடம். மறுநாள் இறுதிச் சுற்றில் வெண்கலப் பதக்கம். அந்த மறுநாளே, அதே மைதானத்தில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் 630.7 எடுத்தார். சராசரி பத்தரைக்கும் கொஞ்சம் மேல். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அவருக்குக் கிடைத்தது பத்தாவது இடம். பத்துக்குக் கீழே சுட்டவருக்குப் பதக்கம். பத்தரை சுட்டவருக்குப் பயணச் சீட்டு! இருவரில் யார் கெட்டிக்காரி என்று இந்த எண்களைக் கேட்டால் எண்கள் சிரிக்கும். பிஸ்டலில் எல்லோரும் தவறுகிறார்கள். குறைவாகத் தவறுகிறவர் ஜெயிக்கிறார். ரைபிளில் ஏறக்குறைய யாருமே தவறுவதில்லை. ஒரே ஒரு 9.8 விழுந்தால் அதை ஈடு கட்ட வழியில்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? கஷ்டத்தின் அளவில் இல்லை. அதன் குணத்தில் இருக்கிறது.

துரோணாசாரியார் சீடர்களைப் பரீட்சித்த கதை நமக்கெல்லாம் தெரியும். மரத்தில் ஒரு பறவை. 'என்ன தெரிகிறது?' என்று கேட்டார் ஆசாரியார். மற்றவர்கள் மரம், கிளை, இலை என்றெல்லாம் சொன்னார்கள். அர்ச்சுனன் மட்டும் பறவை தெரிகிறது, அதிலும் அதன் தலைதான் தெரிகிறது என்றான். ரைபிள்காரர் இந்தப் பரீட்சையில் தேறி விடுவார். அவர் ஊசித் துவாரம் போன்ற பின் பார்வை வழியே நோக்குகிறார், முன்னே ஒரு வளையம், வளையத்துக்குள் கரும்புள்ளி. வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம். உலகம் மறைந்து போகிறது.

பிஸ்டல்காரரோ அந்தப் பரீட்சையில் நிச்சயமாகத் தோற்றுப் போவார். 'என்ன தெரிகிறது?' என்று கேட்டால், 'ஸ்வாமி, என் பிஸ்டலின் முனைதான் தெரிகிறது. பறவை மங்கலாக இருக்கிறது' என்று பதில் சொல்வார். அதுதான் அவருக்குச் சரியான பதில்! கண் ஒரே சமயத்தில் கிட்டத்தையும் தூரத்தையும் தெளிவாகப் பார்க்க முடியாது. முன் பார்வைத் தகட்டைத் தெளிவாகப் பார்த்து, குறியை மங்க விட்டு விடுவதே பிஸ்டலின் முதல் பாடம். புதிதாகப் பழகுகிறவனால் இதை நம்பவே முடியாது. எதை அடைய வேண்டுமோ அதைப் பார்க்காதே என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

இரண்டாவது பாடம் இன்னும் கொடியது. நீட்டிய கை ஆடும். எப்படிப்பட்ட சூரனுக்கும் ஆடும். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பத்தின் மேல் நின்று கொண்டு விளக்கேற்றுவது போன்ற காரியம். ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கிறவன் இன்னும் அதிகமாக ஆடுவான். முனை பத்தைக் கடந்து போகிற கணத்தில், 'இதோ!' என்று விசையை வெடுக்கென்று இழுத்தால் ரவை ஆறுக்கோ ஐந்துக்கோ போய் விடும். ஆட்டம் ஆடட்டும், நான் நிதானமாக இழுத்துக் கொண்டே இருப்பேன், சத்தம் எப்போது வருகிறதோ வரட்டும் என்று விட்டுக் கொடுக்கிறவனுக்குத்தான் பிஸ்டல் பணிகிறது.

ரைபிளின் சோதனை வேறு. உடம்பைக் கோயில் தூணாக்கி, மூச்சை அடக்கி நின்ற பிறகு, ஒன்றே ஒன்று மட்டும் அசைந்து கொண்டிருக்கிறது. அதுதான் இருதயம். ஒவ்வொரு துடிப்பும் குழலின் நுனியில் தெரிகிறது. அந்தத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவிலுள்ள அமைதியில் சுட வேண்டும். ஒரு தடவையல்ல, அறுபது தடவை. ஐம்பத்தொன்பது தடவை சரியாகச் செய்தவனை அறுபதாவது தடவை கவிழ்த்து விடும். இதனால்தான் ரைபிள் ஆரம்பத்தில் தாயைப் போல் அரவணைக்கிறது. சில வாரப் பழக்கத்திலேயே எட்டும் ஒன்பதும் வந்து விடும். கடைசிப் படியில்தான் வருஷக் கணக்கில் நிறுத்தி வைக்கிறது. பிஸ்டல் முதல் நாளிலிருந்தே மாமியாரைப் போல் நடத்துகிறது. அட்டையிலேயே ரவை விழாது. பொறுத்துக் கொண்டவர்களுக்கு மட்டும், எதிர்பாராத ஒரு நாளில், மனம் இளகுகிறது.

ஆகையால் என் தீர்ப்பு இதுதான். தொடங்குவதற்குக் கடினம் பிஸ்டல். முடிப்பதற்குக் கடினம் ரைபிள். ரைபிள், 'அசையாதே' என்று கட்டளையிடுகிறது. பிஸ்டல், 'அசைவாய், ஒப்புக்கொள்; ஆனாலும் தவறாதே' என்கிறது. இவற்றில் எது கடினம் என்பது அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது. கட்டுப்பாட்டில் இன்பம் காண்கிறவர்களுக்கு முன்னது எளிது. வாழ்க்கையில் ஆட்டம் கண்டும் கலங்காதவர்களுக்குப் பின்னது எளிது. எனக்கு மனிதர்களில் இரண்டாவது ரகத்தார் மீது கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன்.

ஒன்று மிச்சமிருக்கிறது. சுதந்திரம் வந்த பிறகு, 1951-இல், லோக சபையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கரைத் தலைவராகக் கொண்டு தேசிய ரைபிள் சங்கம் அமைந்தது. குறி பார்க்கும் வித்தை ஜனங்களுக்கு வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர், அகிம்சையில் ஊறிய காந்தியவாதி! இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குப் படவில்லை. கையும் கண்ணும் மனமும் ஒன்றுபடுகிற வித்தை வேறு. அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பது வேறு. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குறிப்பிட்ட வலுவுக்கு உட்பட்ட 4.5 மில்லிமீட்டர்க் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. 1801-இல் ஈட்டியையும் திரித் துப்பாக்கியையும் ஒப்படைத்து விட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய குடியானவனின் வம்சத்தில் வந்த ஒரு பெண், இன்று யாரிடமும் கெஞ்சாமல் ஒரு பிஸ்டலை நீட்டிப் பிடித்துப் பத்து மீட்டருக்கு அப்பாலிருக்கும் காகிதத்தில் தன் கையின் நிதானத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

சின்ன மருது வெல்ஷுக்குக் கற்றுக் கொடுத்தது ஒருவனைக் கொல்வதற்காக அல்ல. ஒரு விருந்தாளிப் பையனுக்குத் தம் சீமையின் அழகான வித்தை ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான். அந்த வளரியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பதில் ஒரு பங்கு, எதிரியாக மாறிய அந்தச் சீடன் நன்றியோடு எழுதி வைத்ததுதான். அலமாரியில் இருக்கும் வளரி இனி வீசப்படப் போவதில்லை. மியூசியத்துத் துணியின் கறையும் மறையப் போவதில்லை. ஆனால் அட்டையில் விழுகிற ரவைக்கு அழுகிறவர் ஒருவரும் கிடையாது. ஐந்து விழுந்தால் அட்டையை மாற்றி விட்டு மறுபடியும் கையை நீட்டலாம்.